பொருள்களின் எண்ணிக்கை

முதலில் ஒரு சின்ன விஷயம். உங்கள் அறையில் பழைய கோப்புகளை ஜன்னலை ஒட்டி அடுக்கி வைத்திருக்கிறீர்கள். காலை வெயில் நேராக அவற்றின் மேல்தான் விழுகிறது. பத்தே வருடத்தில் அந்தக் காகிதமெல்லாம் சருகாகிவிடும், தொட்டால் கையோடு வரும். எதிர்ச் சுவருக்கு மாற்றிவிடுங்கள். நான் எழுதித் தரப்போகும் இதையும் அங்கேதான் வைப்பீர்கள் என்பதால் சொல்கிறேன்.

நேற்று நீங்கள் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர். ஜலதோஷத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "சார், அந்தக் கதவுக்கு வெளியே எவ்வளவு நேரம் நின்னீங்க?" என்றீர்கள். பதினொரு விநாடி என்று சொன்னேன். நீங்கள் காகிதத்தையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டீர்கள். வரலாற்றுக்காரனிடம் கேள்வி கேட்டால் அவன் வேர் வரை போய்விட்டுத்தான் திரும்புவான். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினொரு விநாடி என்பது நான் வாய்க்கு வந்தபடி சொன்ன கணக்கு இல்லை. அருங்காட்சியகத்துக்கு வரும் ஒருவர் ஒரு பொருளின் முன் சராசரியாக அவ்வளவு நேரம்தான் நிற்கிறார். என் முதல் வேலையில் நானே கடிகாரத்தோடு தூண் மறைவில் நின்று அளந்தேன். அதில் நான்கு விநாடி செருப்பைச் சரிசெய்வதிலும் பிள்ளையை அதட்டுவதிலும் போய்விடும். மிச்சம் ஏழு. அந்த ஏழு விநாடிக்குள் வரலாற்றைச் சொல்லி முடிக்க வேண்டும். ஆகவே எந்த விளக்க அட்டையும் நாற்பது வார்த்தையைத் தாண்டக் கூடாது என்று விதி வகுத்தேன். இன்று பல ஊர்களில் அதைப் பின்பற்றுகிறார்கள். என் பெயரைச் சொல்வதில்லை, அது வேறு விஷயம்.

மூன்று அருங்காட்சியகங்களுக்குத் தலைவராக இருந்திருக்கிறேன். முதலாவது, ஆற்றங்கரை ஊர் ஒன்றில் தீயணைப்பு நிலையத்தின் மாடியில் இரண்டே அறை. மணி அடித்தால் பானைகள் எல்லாம் ஆடும். இரண்டாவது, மாவட்டத் தலைநகரில் பழைய தபால் கிடங்கு. மூன்றாவது உங்களுக்குத் தெரியும். பெரிய நகரத்தில் கண்ணாடியும் கருங்கல்லுமாக இப்போது திறந்திருக்கும் புதிய கட்டடம். இந்த மூன்று இடத்துக்கும் என்னோடு வந்தவை இரண்டு. ஒன்று படகு. இன்னொன்று எங்கள் பதிவாளர் அம்மா.

படகை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பள்ளியிலிருந்து வரிசையில் நிறுத்தி அழைத்துவந்தார்கள் என்றும், அதன் முன் நின்றபோது அழுகை வந்தது என்றும் முதல் நாளே சொன்னீர்கள். எல்லோருக்கும் வரும். அதன் அட்டையை இருபத்தொன்பது வயதில் எழுதினேன். "பெருவெள்ளத்தின் இரண்டாம் நாள். ஓர் ஏழைப் படகோட்டி. ஏழு பயணங்கள். நாற்பத்தொரு உயிர்கள். அவர் அன்று செலுத்திய படகு இதுதான்." பதினைந்தே வார்த்தை. இருபத்தைந்து மிச்சம். என் புத்தகம், பாடநூலில் வந்த பாடம், இரண்டு பதவி உயர்வு, நடுக்கூடத்தைப் படகின் வடிவத்துக்கு ஏற்ப வளைத்துக் கட்டிய இந்தப் புதிய கட்டடம், எல்லாம் அந்தப் பதினைந்து வார்த்தைக்குள்ளிருந்து வந்தவை.

பதிவாளர் அம்மாவுக்கு நாங்கள் வைத்த பெயர் அடிக்குறிப்பு. அவருக்கும் தெரியும், கோபித்துக்கொண்டதில்லை. தட்டச்சு வேலைக்கு வந்தவர். அந்தப் படகின் முதல் அட்டையைத் தட்டியதே அவர்தான். பிறகு பதிவேட்டைக் கையில் எடுத்தார், முப்பத்தோரு வருடம் கீழே வைக்கவில்லை. உள்ளே வரும் ஒவ்வொரு பொருளுக்கும் எண், அளவு, எங்கிருந்து வந்தது, எந்த மூலையில் கீறல். அழியாத மையில்தான் எழுதுவார். அடித்துத் திருத்தினாலும் அடித்தது தெரிய வேண்டும் என்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்காவோடு இருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு அடுக்கு டப்பா கொண்டுவருவார், மேல் அடுக்கு எனக்கு. என் மனைவி கேலி செய்வாள்: "உங்களுக்கு உயிரோட இருக்கற யாரையும் பிடிக்காது. அந்த அம்மா ஒருத்திதான் விதிவிலக்கு." அது உண்மைதான். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும்.

அவரைப் பற்றி ஒரு கதை சொல்லாமல் மேலே போக முடியாது. தபால் கிடங்கில் இருந்தபோது, பழைய மரப்பெட்டி ஒன்றில் பூனை குட்டி போட்டுவிட்டது. வேலைக்குப் புதிதாக வந்திருந்த எழுத்தர் விதிகளுக்குப் பரம விசுவாசி. அன்றைய இருப்புப் பட்டியலில், "பெட்டி ஒன்று, பூனை ஐந்து, ஆகப் பொருள்கள் ஆறு" என்று எழுதிவிட்டார். அலுவலகமே வயிறு வலிக்கச் சிரித்தது. அடிக்குறிப்பு மட்டும் சிரிக்கவில்லை. சிவப்பு மையில் கோடு போட்டுவிட்டு, "உயிரோட இருக்கறது பொருள் இல்ல தம்பி. பதிவுல ஏறாது," என்றார். குட்டிகளை அவரே வீட்டுக்கு எடுத்துப்போனார்.

இனி பழைய கட்டடத்தில் உள்ள பூச்சி அறை. புதிய கட்டடத்துக்கு மரச்சாமான் எது போனாலும் அதற்குள் இருந்துவிட்டுத்தான் போக வேண்டும். அறையிலுள்ள காற்றை வெளியேற்றி வேறு வாயுவை நிரப்பி மூன்று வாரம் மூடிவைப்போம். மருந்து இல்லை, நாற்றம் இல்லை, மரத்தில் ஒரு கறை விழாது. உள்ளே இருக்கும் புழு பூச்சி மட்டும் போய்விடும். இரும்புக் கதவு, அதில் தட்டு அளவுக்கு வட்டமான கண்ணாடி. உட்புறம் அவசரத்துக்கு ஒரு கைப்பிடி உண்டு. அது வேலை செய்யவில்லை என்று அடிக்குறிப்பு மூன்று முறை எழுத்தில் புகார் தந்திருந்தார். மூன்றிலும் நான் "பார்த்தேன்" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பார்க்கத்தான் செய்தேன்.

திறப்பு விழாவுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது, பூச்சி அறைக்கு அனுப்புவதற்காகப் படகைக் கவிழ்த்து வைத்தார்கள். முப்பத்தோரு வருடத்தில் அதைக் கவிழ்த்தது அதுதான் முதல் தடவை. அடிக்குறிப்பு கை விளக்கோடு அதன் அடியில் புகுந்தார். அரை நாள் வெளியே வரவில்லை. மறுநாள் என் அறைக்கு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார்.

"சார், இது அந்தப் படகு இல்ல."

முன்பக்கத்தில் தாருக்கு அடியில் தச்சரின் முத்திரை இருந்ததாம், ஆண்டோடு. வெள்ளத்துக்கு அடுத்த ஆண்டு. அந்த இடத்தில் மட்டும் தார் இரண்டு பூச்சு, மேல் பூச்சு பிற்பாடு வந்தது. தீயணைப்பு நிலைய மாடியில் இருந்த காலத்தில் இயக்குநருக்கு, அதாவது எனக்கு, தேவை என்று சாமான் அறையிலிருந்து இரண்டு டப்பா தார் வாங்கிய சீட்டு அவரிடம் இருந்தது. சீட்டை அன்று எழுதியவரும் அவர்தான். இதையெல்லாம் என்னைக் குற்றம் சாட்டுகிற தொனியில் சொல்லவில்லை. மேசையில் இன்னொரு சாமானை எடுத்து வைப்பதுபோல் வைத்தார். சீட்டை வாங்கிப் பார்த்தேன். காகிதம் மஞ்சளாகாமல் இருப்பதைக் கவனித்தேன். நன்றாகப் பராமரித்திருந்தார்.

நடந்தது இதுதான். நான் படகோட்டியைத் தேடிப் போனபோது அவர் கிழவர். பேசியதை ஒலிநாடாவில் பதிந்தேன். உண்மையான படகு எங்கே என்று கேட்டதற்குச் சிரித்தார். கரையேறிய நாற்பத்தொரு பேரும் அவர் வீட்டு வாசலில் மூன்று நாள் இருந்தார்கள், காய்ந்த விறகு எங்கும் இல்லை, படகைப் பிளந்து அடுப்பில் வைத்துச் சோறாக்கிப் போட்டேன் என்றார். கொட்டகையில் கிடந்தது பிறகு கட்டிய படகு. அதே மரம், அதே தச்சர், அதே நீளம். நான் இருபத்தொன்பது வயது ஆராய்ச்சியாளன், இரண்டு அறை அருங்காட்சியகம், உள்ளே ஆடும் பானைகள். சாம்பலையா கண்ணாடிப் பெட்டியில் வைப்பது?

அடிக்குறிப்பு அந்த ஒலிநாடாவையும் தேடியெடுத்துக் கேட்டுவிட்டிருந்தார். கேட்டதும் தான் அழுததாக ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். "இதையே எழுதிடுங்க சார். படகு அடுப்புல போயிடுச்சு, இது அதுக்கப்புறம் கட்டினதுன்னு. இருக்கற கதையைவிட இது நல்ல கதை. ஜனங்க நின்னு படிப்பாங்க."

நான் விளக்கிச் சொன்னேன். பாடநூலைப் பற்றி, அழுதுகொண்டு நிற்கும் பிள்ளைகளைப் பற்றி, வளைத்துக் கட்டிய கூடத்தைப் பற்றி. என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மாத முடிவில் தான் ஓய்வு பெறப்போவதாகவும், அதற்குள் பதிவேட்டில் சரியானதை எழுதிவிட்டுத்தான் போவதாகவும் சொன்னார். அட்டையை மாற்றுவது என் விருப்பம், பதிவேடு தன் பொறுப்பு. நூல் பிடித்தாற்போல் பேசினார். வாசல் வரை போய்த் திரும்பி, "நீங்க அப்ப சின்ன வயசு சார். யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க," என்றார்.

இதைத்தான் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அவர் மிரட்டியிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். மூன்று அருங்காட்சியகத்தில் எத்தனை அமைச்சர்களையும் நன்கொடையாளர்களின் மாமியார்களையும் சமாளித்திருக்கிறேன். அவர் என்னை மன்னித்துவிட்டார். நான் கேட்காமலே மன்னித்துவிட்டு, டப்பாவின் மேல் அடுக்கையும் வழக்கம்போல் வைத்துவிட்டுப் போனார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் மேல் அப்படியொரு ஆத்திரம் வந்தது. அதை மறைக்கப்போவதில்லை.

செவ்வாய்க்கிழமை எங்களுக்கு விடுமுறை நாள், பார்வையாளர்கள் கிடையாது. படகை உள்ளே வைத்துக் குழாய்களை இணைத்துவிட்டு, இயந்திரக்காரர் கண்ணாடிப் பெட்டிகளைப் பார்க்கப் புதிய கட்டடத்துக்குப் போய்விட்டார். எந்த வேலையானாலும் தொடக்கப் பொத்தானை நான்தான் அழுத்துவேன் என்பது எங்கள் இடத்தில் வழக்கம். குழாய்த் தண்ணீர் வந்த நாளில்கூட நான்தான் திறந்துவைத்தேன். இரண்டு மணிக்கு மேல் போனேன். அடிக்குறிப்பு எனக்கு முன்பே அங்கே இருந்தார். முத்திரையை இன்னொரு படம் எடுக்க வேண்டுமாம், முதலில் எடுத்ததில் ஆண்டு தெளிவாக இல்லையாம்.

"அஞ்சு நிமிஷம் சார். கதவைப் பிடிச்சுக்கறீங்களா?"

பிடித்துக்கொண்டேன். அவர் விளக்கைத் தரையில் வைத்துவிட்டுக் குனிந்தார். ஆண்டு தெரிய வேண்டும் என்பதற்காகத் தன் கைக்குட்டையால் அந்த இடத்தைத் துடைத்தார்.

கதவு தானாக மூடிக்கொண்டது என்று முதலில் உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை. அந்தக் கதவுக்குத் தானாக மூடும் பழக்கம் கிடையாது, இழுத்து மூடி நெம்புகோலைக் கீழே தள்ள வேண்டும். அதற்குப் பிறகு பொத்தான். எல்லாவற்றையும் நான்தான் செய்தேன்.

மறுநாள் காலை அவருடைய அக்கா தொலைபேசியில் அழைத்தார். தங்கை இரவு வீட்டுக்கு வரவில்லை, அப்படி அவள் செய்யவே மாட்டாள் என்றார். எல்லோரும் தேடினோம். நானும் தேடினேன். இயந்திரக்காரர்தான் வட்டக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். பாவம், அவர் இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை. உள்ளே அடிக்குறிப்பின் சிறு குறிப்பேடு கிடந்தது. முத்திரையின் அளவை எழுதியிருந்தார். அதற்குக் கீழே, கொஞ்சம் கோணலாக, "உள் கைப்பிடி வேலை செய்யவில்லை. நான்காம் முறை தெரிவிக்கிறேன்."

அந்த வரி எனக்கு உதவியாகப் போயிற்று. எல்லோரும் கைப்பிடியைத் திட்டினார்கள். அதைச் செய்த நிறுவனத்தைத் திட்டினார்கள். நான் உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் பொத்தானை அழுத்திவிட்டுக் கூட்டத்துக்குப் போனேன் என்றேன், நம்பினார்கள். அக்காகூட என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மேல உசிரையே வெச்சிருந்தா. நீங்க மனசு உடைஞ்சு போயிடாதீங்க," என்றார். திறப்பு விழா ஒரு வாரம் தள்ளிப்போனது. படிக்கும் அறைக்கு அவர் பெயரை வைத்தோம். அதற்கான அட்டையை நானே எழுதினேன். சரியாக நாற்பது வார்த்தை. படகின் அட்டையைவிட இருபத்தைந்து அதிகம், அதைக் கவனியுங்கள்.

விழா முடிந்து ஒன்பது நாள் கழித்து நீங்கள் வந்தீர்கள். ஒப்புக்கு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விடுவீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ பூச்சி அறைக் கதவில் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கிய படிவத்தை எடுத்துப் படித்தீர்கள். எங்கள் அருங்காட்சியகத்தில் எல்லோரும் படிவத்தில் கையெழுத்துப் போடுவார்கள், யாரும் படிக்க மாட்டார்கள். படிக்கிற ஒரே ஆள் உள்ளே இருந்தார்.

"சார், இது உங்க கையெழுத்துதானே?" என்றீர்கள்.

ஆமாம் என்றேன். மறுக்க முடியாது, என் எழுத்து அச்சு பிசகாமல் இருக்கும். படிவத்தை வடிவமைத்தது அடிக்குறிப்பு. பொருளின் பெயர்: படகு. வாயு தொடங்கிய நேரம்: 2.20. பொருள்களின் எண்ணிக்கை என்ற கட்டத்தில் நான் எழுதியிருந்தது: 2.

ஏன் அப்படி எழுதினீர்கள் என்று உங்கள் உதவியாளர் தலையைச் சொறிந்தார். ஒன்று என்று எழுதியிருந்தால் இன்று நான் என் அறையில் உட்கார்ந்திருப்பேன், சரிதான். அவருக்குப் புரியவில்லை. அட்டை என்பது பார்வையாளருக்காக. அதில் கூட்டலாம், குறைக்கலாம், ஏழு விநாடிக்குள் என்ன செய்ய முடியுமோ அதைச் செய்யலாம். பதிவு வேறு. நினைவிலிருந்து எழுதக் கூடாது, உள்ளே பார்த்து எண்ணி எழுத வேண்டும் என்று அடிக்குறிப்பு எத்தனை தடவை எங்களுக்குச் சொல்லியிருப்பார். முப்பத்தோரு வருடம் அவரோடு வேலை பார்த்துவிட்டு, அவரே உள்ளே இருக்கும்போது பொய்யான எண்ணை எழுத எனக்குக் கை வரவில்லை. அது அவருக்குச் செய்யும் மரியாதை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பதினொரு விநாடி என்று நான் சொன்னதை நீங்கள் ஏன் நம்பவில்லை என்பது எனக்குத் தெரியும். படிவத்தின் அடியில், கையொப்பத்துக்குப் பக்கத்தில், நிறைவு செய்த நேரம் என்று இன்னொரு கட்டம் இருக்கிறது. அதில் 4.05 என்று எழுதியிருக்கிறேன். கூட்டத்துக்கு நான் போகவில்லை. நீங்கள் ஏற்கெனவே விசாரித்திருப்பீர்கள்.

முதலில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், கதவு தவறி மூடிக்கொண்டது என்று நினைத்து. பிறகு கைப்பிடியைக் காட்டினார். பிறகு தட்டினார், நிறைய நேரம். அதற்குப் பிறகு படகில் சாய்ந்து உட்கார்ந்து குறிப்பேட்டில் எழுதினார். என்னைத் திரும்பப் பார்க்கவில்லை. தூக்கம்போல்தான் இருக்கும் என்று இயந்திரத்தின் கையேட்டில் போட்டிருக்கிறது, பூச்சிகளைப் பற்றி. நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கண்ணாடி அருகில் நின்றேன். இடையில் நகரவில்லை. என்னை அவசரக்காரன் என்று யாரும் சொல்லக் கூடாது.

பொருள்களின் எண்ணிக்கையை 2.20க்கே எழுதிவிட்டு நான் போயிருக்கலாம். ஆனால் அப்போது உள்ளே இருந்த பொருள் ஒன்றுதான். இரண்டு என்று எழுதினால் அது பொய்ப் பதிவு ஆகியிருக்கும், அப்படி ஒன்றை நான் எழுதியதே இல்லை. ஆகவே காத்திருந்தேன்.